ஓர் இணைப்பு, பல ஊர்கள்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் என்றோர் ஊர் உண்டு. ஊரையொட்டிப் பாறைகளாலான ஒரு மலை. மலையிலுள்ள குகையொன்றில், எழுத்து தோன்றுவதற்கு முன் வாழ்ந்த மக்கள் கல்லில் கீறிய உருவங்கள் இருக்கின்றன. மலைமேல் சிவன் கோயில். அதில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள். 1760ஆம் ஆண்டு வந்தவாசிப் போரில் வென்ற ஆங்கிலத் தளபதி அயர் கூட், புதுச்சேரியை முற்றுகையிடப் போகும் முன் இங்கிருந்த கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். கிழக்கே மரக்காணத்து உப்பளங்கள், அதற்கப்பால் கடல், தெற்கே புதுச்சேரி. இரண்டு திசைகளையும் கண்காணிக்க இதைவிட நல்ல இடம் ஏது?

நண்பர் ஒருவருடன் இந்த மலையில் ஏறியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படம் எடுக்கிறீர்கள். உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் கைப்பேசியில் இணையம் வேலை செய்கிறது. நண்பருடைய கைப்பேசியில் அன்றைய அளவு தீர்ந்துவிட்டது. 'ஹாட்ஸ்பாட் போடுங்களேன்' என்கிறார் அவர். நீங்கள் திரையில் ஒரு பொத்தானைத் தொடுகிறீர்கள். அரை நிமிடத்தில் உங்கள் இணைப்பில் அவருடைய படமும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இந்தப் பங்கீடு எப்படி நடக்கிறது? எப்போது தொடங்கியது? இதே வட்டாரத்தில், பெருமுக்கல்லுக்குத் தெற்கே, ஓர் ஊரின் இணைப்பைப் பல ஊர்கள் பகிர்ந்துகொண்ட கதை ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

உங்கள் வீட்டில் பழைய திருமண அழைப்பிதழ் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். 1980களில் அச்சிட்டதாக இருந்தால் நல்லது. அழைப்பவரின் முகவரிக்குக் கீழே தொலைபேசி எண் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று இரண்டு எழுத்துகள் இருக்கக்கூடும். அந்தத் தொலைபேசி அவர் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டிலோ மளிகைக் கடையிலோ இருக்கிறது என்பது அதன் பொருள். அந்த நாளில் தொலைபேசிக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆகவே ஒரு கருவி ஒரு தெருவுக்கே பயன்பட்டது. கடைக்காரர் எடுத்து, 'யார் வேண்டும்?' என்று கேட்பார்; 'கூப்பிடுகிறேன், ஐந்து நிமிடம் கழித்துப் பேசுங்கள்' என்று சொல்லிப் பையனை ஓடவிடுவார். வெளியுலகத்துக்குத் தெரிந்தது ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் பத்துக் குடும்பங்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தெருவுக்கு ஒரு தொலைபேசி என்பதாவது பரவாயில்லை. நாடு முழுவதற்கும் ஒரே கம்பி என்ற நிலையும் இருந்தது. இந்தியாவின் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களைக் கணிப்பொறிகள் மூலம் இணைக்க 1986இல் 'எர்நெட்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதில் பங்குபெற்றது. 1989இல் பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், அமெரிக்காவின் விர்ஜீனியாவிலுள்ள ஒரு நிலையத்துடன் இணைக்கப்பட்டது. அந்தக் கம்பியின் வேகம் வினாடிக்கு 9,600 பிட். எட்டுப் பிட் ஓர் எழுத்து என்று கொண்டால் வினாடிக்கு 1,200 எழுத்துகள். இன்று ஒரு கைப்பேசிப் படத்தை அந்தக் கம்பியில் அனுப்பினால் அரைமணி நேரத்துக்கும் மேலாகும். நாட்டின் பல்வேறு ஆய்வு நிறுவனங்களின் கடிதங்கள் அந்த ஒற்றைக் கம்பி வழியாகவே கடல் கடந்தன. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள்தான். அதுவும் பெரு நகரங்களில் தொடங்கியது.

இனி, ஒரு கம்பியைப் பலர் பகிர்வதில் உள்ள சிக்கல் என்ன என்று பார்ப்போம். இதற்கு மரக்காணத்து உப்பளம் ஒன்றை மனத்தில் கொண்டுவாருங்கள். உவர்நீர் கால்வாய் வழியாக வருகிறது. மண்ணை வெட்டி வழிவிட்டால் பாத்திக்குள் பாய்கிறது. மண்ணை அணைத்தால் நிற்கிறது. கால்வாயில் வரும் நீர் ஒரு குறிப்பிட்ட அளவுதான். பாத்திகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் நீர் கூடிவிடாது; ஒவ்வொரு பாத்திக்கும் கிடைப்பது குறையும், அல்லது முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். இணைய இணைப்பும் இப்படியே. உங்கள் இணைப்பு வினாடிக்கு 20 மெகாபிட் கொண்டுவருமானால், நான்கு பேர் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் சராசரியாக 5 மெகாபிட் கிடைக்கும்.

ஆனால் இந்த உவமை பாதி வழிவரைதான் வரும். உப்பளத்தில் எந்த நீர் எந்தப் பாத்திக்குப் போனால் என்ன? எல்லாம் ஒரே உவர்நீர். இணையத்தில் அப்படியில்லை. தேர்வு முடிவைக் கேட்டவருக்குத் தேர்வு முடிவும், நெல் விலையைக் கேட்டவருக்கு நெல் விலையும் வந்து சேர வேண்டும். மாறிப் போனால் பயனில்லை. ஆகவே இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி வேண்டும். இதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர்.

இந்த முகவரி முறையை வகுத்தவர்கள் அதற்கு 32 பிட் ஒதுக்கினார்கள். 2ஐ 32 முறை பெருக்கினால் ஏறத்தாழ 429 கோடி வருகிறது. உலகில் சில நூறு பெருங்கணிப்பொறிகளே இணைந்திருந்த காலத்தில் இது வற்றாத கடலாகத் தோன்றியது. எர்நெட் திட்டத்துக்கு மட்டும் 1990இல் 65,536 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதி முழுதாகக் கொடுக்கப்பட்டது! இப்படி அள்ளி வழங்கினால் என்ன ஆகும்? 1990களின் தொடக்கத்திலேயே முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற கவலை வந்துவிட்டது.

1994ஆம் ஆண்டு மே மாதம் செல்டு எகிவாங், பால் பிரான்சிஸ் என்ற இரு பொறியாளர்கள் ஒரு சிறிய குறிப்பை வெளியிட்டனர். முகவரி மாற்றம் என்பது அவர்களுடைய யோசனை. சுருக்கமாக 'நாட்' என்று அழைக்கிறார்கள். ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள கருவிகள் தமக்குள் எந்த எண்ணை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். அந்த எண்கள் வாசலைத் தாண்டி வெளியே போக வேண்டா. வாசலில் நிற்கும் கருவிக்கு மட்டும் உண்மையான முகவரி இருக்கட்டும். உள்ளிருந்து வரும் ஒவ்வொரு கேள்வியிலும் அது அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதும். யார் கேட்டது என்பதைத் தன் குறிப்பில் பதிந்துகொள்ளும். பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். மளிகைக் கடைக்காரர் நினைவுக்கு வருகிறாரா? ஓர் எண், பின்னால் பத்துக் குடும்பங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே இடத்துக்குக் கேள்வி அனுப்பினால் பதிலை எப்படிப் பிரிப்பது? முகவரியோடு துறை எண் என்ற மற்றோர் எண்ணும் செல்கிறது. பொட்டணத்தின்மேல் கடைக்காரர் எழுதி ஒட்டும் வரிசை எண்ணைப் போன்றது இது. இது 16 பிட் கொண்டதால் 65,536 வகை எண்கள் கிடைக்கும். ஒரு வீட்டுக்கு இது தாராளம். உள்வீட்டு எண்களுக்கென்று 10, 172, 192 ஆகியவற்றில் தொடங்கும் சில தொகுதிகள் தனியே ஒதுக்கிவைக்கப்பட்டன. ஆகவேதான் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் 192.168 என்று தொடங்கும் ஒரே எண் இருந்தும் குழப்பம் நேர்வதில்லை.

1999இல் வெளிவந்த விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்பில் இந்த வாசல் வேலையைச் சாதாரணக் கணிப்பொறியே செய்யும்படி ஓர் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. தொலைபேசிக் கம்பியில் இணைந்த ஒரு கணிப்பொறி, பக்கத்து அறைக் கணிப்பொறிகளுக்கும் இணையத்தைப் பகிர்ந்தளித்தது. வாசலில் நிற்கும் கணிப்பொறியை அணைத்துவிட்டால் எல்லோருக்கும் இணைப்பு அறுந்துவிடும்.

வில்லியனூரில் ஒரு மையம்

இப்போது தெற்கே போவோம். புதுச்சேரிக்கு மேற்கே வில்லியனூர் இருக்கிறது. சென்னையில் 1988இல் நிறுவப்பட்ட எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998இல் புதுச்சேரிப் பகுதியில் தகவல் கிராமங்கள் என்ற ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் பொருளுதவி செய்தது. வில்லியனூர் நடு மையம். எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் கிளை நிலையங்கள்.

அன்று கிராமத்தில் தொலைபேசிக் கம்பி கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் அதன் தரம் கணிப்பொறிக்குப் போதாது. இன்றுபோல் வீட்டுக்குள் கம்பியில்லா இணைப்பு தரும் கருவிகளும் பரவியிருக்கவில்லை. ஆகவே நடு மையம் மட்டும் தொலைபேசி வழியாக இணையத்தோடு சேர்ந்தது. அங்கிருந்து ஊர்களுக்கு மிகு அதிர்வெண் வானொலி. காவல்துறையினர் வண்டியில் வைத்துப் பேசுகிறார்களே, அந்த வகைக் கருவிதான். அதில் பேச்சும் அனுப்பலாம். கணிப்பொறிக் கோப்புகளையும் அனுப்பலாம். மின்வெட்டுக்கு மாற்றாகச் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள்.

இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமி உருண்டை, ஆகவே ஓரளவுக்குமேல் தரை மறைத்துவிடும். ஏரியல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் எட்டும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்குங்கள்; கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். 25 மீட்டர் உயரக் கம்பமானால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எதிர்ப்பக்கத்தில் 9 மீட்டர்க் கம்பம் இருந்தால் அதற்குரிய 12 கிலோமீட்டரையும் கூட்டிக்கொள்ளலாம். கோட்டை கட்டியவர்கள் ஏன் மலையைத் தேடினார்கள் என்பதும் இதே கணக்குத்தான், கண்ணுக்கு 4.1க்குப் பதில் 3.6.

வானொலியைப் பலர் பகிர்வதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டும் கெட்டுவிடும். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் தலைமையில், தீவுகளிலிருந்த கணிப்பொறி முனைகளை இப்படி வானொலியால் இணைத்தார்கள். அவரவர் விரும்பியபோது அனுப்பலாம். மோதிக் கெட்டுப்போனால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த முறையில் அலைவரிசையின் திறனில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்குதான் பயன்படும் என்று கணக்கு காட்டியது. உங்கள் வீட்டுக் கம்பியில்லா இணைப்பில், பேசுமுன் காதுகொடுத்துக் கேட்கும் ஏற்பாடு பின்னர் வந்த திருத்தம்.

ஆனால் வில்லியனூரின் பங்கீட்டுக்கும் நம் ஹாட்ஸ்பாட்டுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. ஹாட்ஸ்பாட் பகிர்வது கம்பியை. வில்லியனூர் பகிர்ந்தது கம்பி கொண்டுவந்த பொருளை. 30 கிலோபைட் அளவுள்ள கடல் அலைப் படம் ஒன்று பத்து ஊர்களுக்குத் தேவை என்று ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். வினாடிக்கு 9,600 பிட் வேகத்தில் அதை ஒரு முறை இறக்க 26 வினாடி. பத்து ஊர்களும் தனித்தனியே கேட்டால் நான்கு நிமிடத்துக்கு மேல். நடு மையம் ஒரு தடவை இறக்கிவைத்துக்கொண்டால் வெளிக்கம்பியில் செலவு அந்த 26 வினாடிதான். கால்வாய் சிறிதாக இருக்கும்போது இது பெரிய ஆதாயம்.

அதைவிடப் பெரிய ஆதாயம் வேறு. இறக்கிய செய்தி ஆங்கிலத்தில் இருக்கும். அதை வில்லியனூரில் தமிழாக்கி, ஊருக்குத் தேவையானதை மட்டும் பிரித்து அனுப்பினார்கள். ஊர்களில் நிலையத்தை நடத்தியவர்களில் பெண்கள் மிகுதி. முன்பின் கணிப்பொறியைத் தொட்டிராதவர்கள். ஆங்கில எழுத்துகள் பொறித்த விசைப்பலகையிலேயே தமிழை அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். போக்குவரத்தும் ஒருவழியாக இல்லை. ஊரில் திரட்டிய செய்திகள் மையத்துக்கு வந்து மற்ற ஊர்களுக்குப் போயின. தானிய விலை, அரசு உதவித் திட்டங்கள், மருத்துவர் எப்போது வருவார், தேர்வு முடிவு என்று பட்டியல் நீண்டது. முகவரி மாற்றும் எந்தக் கருவியும் மொழி மாற்றித் தராது; ஆகவே 'நாட்' கண்டுபிடித்தவர்களுக்கு நாம் காட்டும் மரியாதையில் ஒரு பங்கை இந்தப் பெண்களுக்கும் காட்டுவது முறை என்று நினைக்கிறேன்.

நிலையத்துக்கு இடம் தர வேண்டியது ஊரார் பொறுப்பு. அதோடு நிறுவனத்தார் ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: சாதி வேறுபாடின்றி எல்லோரும் உள்ளே வரலாம் என்றிருக்க வேண்டும். எம்பலத்தில் கோயிலுக்குரிய இடத்திலேயே நிலையம் அமைந்தது. நம் கிராமங்களை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு கனமான நிபந்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. யார் வீட்டுத் திண்ணையில் கணிப்பொறி இருக்கிறதோ, அந்தத் திண்ணையில் ஏற முடியாதவர்களுக்கு இணையமும் இல்லை. மளிகைக் கடைத் தொலைபேசியிலும் இந்தக் குறை இருக்கத்தான் செய்தது.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தேவை, நாளை அலை எவ்வளவு உயரும் என்ற செய்தி. அமெரிக்கக் கடற்படை தன் தேவைக்காக உலகக் கடல்களின் அலை உயரத்தைக் கணித்து இணையத்தில் வெளியிட்டு வந்தது. அதில் வங்கக் கடலும் உண்டு. அந்தப் படம் வில்லியனூர் வந்து, தமிழாகி, வீராம்பட்டினத்துக்குப் போய், அங்கே ஒலிபெருக்கியில் முழங்கியது. கணிப்பொறியின் பக்கமே வராதவருக்கும், எழுத்தறியாதவருக்கும் அது எட்டியது. ஒலிபெருக்கிக்கு ஐ.பி. முகவரி தேவையில்லை அல்லவா? 2001இல் இந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோமில் வழங்கப்படும் உலகப் பரிசு ஒன்று கிடைத்தது.

2004 டிசம்பர் 26

இந்த ஒலிபெருக்கிகளுக்கு ஒரு நாள் வேறு வேலை வந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவ ஊரிலும் இந்த நிறுவனத்தின் தகவல் நிலையம் இருந்தது. ஆழிப்பேரலை வந்த அந்த ஞாயிறு காலையில், சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் ஊருக்குள் புகக்கூடும், வெளியேறுங்கள் என்றார். ஊரார் நிலையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மேட்டுப் பகுதிக்கு ஓடினார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன. மக்கள் உயிர் தப்பினார்கள்.

கவனித்தீர்களா? செய்தி வந்தது சாதாரணத் தொலைபேசியில். கணிப்பொறிக்கு அதில் பங்கில்லை. ஒருவருக்கு வந்த செய்தியை ஊருக்கே பகிரும் வழக்கமும், அதற்கான கருவியும் ஏற்கெனவே அங்கே இருந்தன. அன்று மரக்காணம் கரையிலும் அலை ஏறியது. அங்கும், கடற்கரை நெடுகப் பல ஊர்களிலும் இப்படியொரு குரல் முன்கூட்டி ஒலிக்கவில்லை.

அடுத்த மாதமே, 2005 ஜனவரியில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்த இந்திய அரசு அனுமதித்தது. இன்று வீட்டு மாடத்தில் விளக்கு மினுக்கும் பெட்டிக்கும், உங்கள் ஹாட்ஸ்பாட்டுக்கும் வழிவிட்டது இந்த விதி. பிறகு கைப்பேசிக் கோபுரங்கள் பெருகின. தகவல் நிலையத்துக்கு நடந்து போன தேவை குறைந்தது. இதில் எனக்கு வருத்தமில்லை. வீட்டிலிருந்தே கேட்க முடிந்தால் யார்தான் நடப்பார்?

முகவரிகளின் கதையும் முடிந்துவிடவில்லை. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், 429 கோடி முகவரிகளின் மையக் கையிருப்பு தீர்ந்தது. அதன் பிறகு கைப்பேசி நிறுவனங்களே மளிகைக் கடைக்காரர் வேலையைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கின. ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் பல்லாயிரம் வாடிக்கையாளர்களை நிறுத்தினார்கள். அதாவது, நண்பருக்கு ஹாட்ஸ்பாட் கொடுக்கும் உங்கள் கைப்பேசியே பெரும்பாலும் வேறொரு வாசலுக்குப் பின்னால்தான் நிற்கிறது. 128 பிட் கொண்ட புதிய முகவரி முறையும் இப்போது இந்தியக் கைப்பேசிகளில் பரவலாக வந்துவிட்டது. அது முழுதும் நிலைபெறும் வரை இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். செலவில்லாத சோதனை. ஒரு கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, இன்னொரு கைப்பேசியை அதில் இணையுங்கள். இணைத்த கைப்பேசியின் அமைப்புகளில், இணைந்திருக்கும் வலையின் விவரத்துக்குள் சென்று ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 192.168 என்றோ, 172.20 என்றோ, 10 என்றோ தொடங்கும். அதைத் தாளில் குறித்துக்கொண்டு, அதே கைப்பேசியில் உங்கள் வெளிமுகவரியைக் காட்டும் இணையதளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். வேறோர் எண் தெரியும். பிறகு ஹாட்ஸ்பாட் கொடுத்த கைப்பேசியிலும் அதே தளத்தைத் திறந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். புள்ளிகளுக்குப் பதில் முக்காற்புள்ளிகள் கொண்ட நீண்ட எண் வந்தால் அது புதிய முறை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.